நவோஷிமா, தேஷிமா, குராஷிகி: அருங்காட்சியகப் பயணத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது?

ஜப்பானின் செட்டோ உள்கடலைச் சுற்றியுள்ள அருங்காட்சியகங்களுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு முறை எனக்காக, இரண்டு முறை நண்பர்களைக் கூட்டிக்கொண்டு. முதல் முறை நவோஷிமா தீவில் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. அன்று பார்த்தது கடலோரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பூசணிக்காய்ச் சிற்பங்களும் பூட்டிய கதவுகளும்தான். பிறகு கூட்டிப்போனவர்களும், என்னிடம் கேட்டுவிட்டுத் தாங்களாகவே போனவர்களும் வேறு வேறு இடங்களில் தடுக்கி விழுந்தார்கள். ஆனால் காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான்: பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் போட்டார்கள், கிழமையையும் கப்பலையும் கடைசியில் பார்த்தார்கள்.

இங்கே அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் கிழமை, அப்புறம் டிக்கெட், அப்புறம் கப்பல், கடைசியில்தான் ஹோட்டல். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டை முதலில். முக்கியமான டிக்கெட்டுகளை இணையத்தில்தான் வாங்க வேண்டும். பணம் கட்டும்போது ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்குத்தான் வரும். ஜப்பான் போய் உள்ளூர் சிம் போட்ட பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த ஓடிபி வராமலே போகலாம். ஊரிலிருந்தே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ரொக்கம். தீவுகளில் பேருந்து, சின்ன உணவுக்கடை, சைக்கிள் வாடகை என்று பல இடங்களில் நோட்டும் சில்லறையும்தான் கைகொடுக்கும். ஆளுக்கு ஒரு 10,000 யென்னாவது, அதில் பாதியை 1,000 யென் தாள்களாகவும் கொஞ்சம் 100 யென் நாணயங்களாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நவோஷிமாவில் செவன் இலெவன் கடை ஒன்று இருக்கிறது, அங்கே ஏடிஎம் உண்டு. தேஷிமாவில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்போ ஷூவோ, ஓட்டையில்லாத காலுறை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த இரண்டு மூன்று அறைகளுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நீளமான கயிறு கட்டும் பூட்ஸோடு வந்த நண்பர் ஒருவர் ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிடம் குனிந்து கிடந்தார், பின்னால் வரிசை நின்றது.

2. கிழமையைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்

நவோஷிமாவின் சிச்சூ அருங்காட்சியகம், லீ ஊஃபான் அருங்காட்சியகம், ஹோன்முரா கிராமத்துக் கலை வீடுகள் (கலைப் படைப்புகளாக மாற்றப்பட்ட பழைய வீடுகள்), ஆண்டோ அருங்காட்சியகம், 2025 மே மாதம் திறந்த நவோஷிமா புதிய அருங்காட்சியகம் ஆகிய எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. குராஷிகியின் ஓஹாரா அருங்காட்சியகமும் நருடோவின் ஓட்சுகா அருங்காட்சியகமும் பொதுவாகத் திங்கள்தான் மூடுகின்றன.

பக்கத்துத் தீவான தேஷிமாவுக்குச் செவ்வாய் விடுமுறை. குளிர்காலத்தில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மூடல். தகாமட்சு நகருக்குப் பக்கத்தில் மூரேயில் இருக்கும், சிற்பி இசாமு நொகுச்சியின் பெயரிலான தோட்ட அருங்காட்சியகமோ நேர்மாறு. அது திறப்பதே செவ்வாய், வியாழன், சனி மட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானில் பல அரசு விடுமுறைகள் வேண்டுமென்றே திங்கட்கிழமையில் வைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட திங்களில் அருங்காட்சியகம் திறந்திருக்கும், பதிலுக்கு மறுநாள் செவ்வாய் மூடும். தேஷிமாவின் விடுமுறையும் அதற்கேற்ப நகரும். ‘திங்கள்தானே லீவு’ என்று நம்பி அப்படிப்பட்ட செவ்வாயில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு இடமும் தன் தளத்தில் மாத நாட்காட்டி போட்டிருக்கும். உங்கள் தேதியை அதில் கண்ணால் பார்க்காமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் புதன் தொடங்கி சனி வரை என்பதுதான் மிக நன்றாகப் பொருந்துகிறது. புதன் குராஷிகி, வியாழன் நவோஷிமா, வெள்ளி தேஷிமா, சனி மூரே. வெள்ளியன்று தேஷிமா குளிர்காலத்திலும் திறந்திருக்கும், சனியன்று நொகுச்சி திறந்திருக்கும், தீவுகளின் வார இறுதிக் கூட்டத்திலும் சிக்க மாட்டீர்கள்.

தவிர்க்க முடியாமல் திங்கட்கிழமைதான் கிடைக்கிறது என்றால் நவோஷிமாவில் பென்னசி ஹவுஸ் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, அதற்கு வார விடுமுறை கிடையாது. முதல் பயணத்தில் எனக்கு அதுகூடத் தெரியாது.

3. ஆண்டையும் ஒரு முறை பாருங்கள்

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இந்தத் தீவுகளில் செட்டோஉச்சி டிரையென்னாலே என்ற கலைத் திருவிழா நடக்கிறது. 2010இல் தொடங்கியது, கடைசியாக 2025இல் நடந்தது. அந்தக் காலத்தில் பார்க்க நிறைய இருக்கும், ஆனால் கப்பலுக்கும் பேருந்துக்கும் நீண்ட வரிசை, விடுமுறை நாட்களும் மாறும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் திருவிழா இல்லாத ஆண்டைத்தான் சொல்வேன். நிரந்தரமாக இருக்கும் படைப்புகளே நான்கு நாளுக்குத் தாங்கும்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம் வரை புயல் காலம். 2021 ஆகஸ்டில் கலைஞர் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பத்தையே புயல் கடலுக்குள் இழுத்துப்போட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் திரும்ப வைத்தார்கள். ஏப்ரல், மே, நவம்பர் மாதங்கள் நல்லவை. மே தொடக்கத்தில் வரும் ஜப்பானிய நீள்விடுமுறை வாரத்தை மட்டும் தவிருங்கள்.

4. டிக்கெட் வாங்கும் வரிசை

முன்பதிவில் மிகக் கடினமானதை முதலில் வாங்குங்கள். மற்றவற்றை அதற்கேற்ப வளைத்துக்கொள்ளலாம்.

முதலில் சிச்சூ. இது நேரம் குறித்த டிக்கெட். அந்த நாளுக்கு மிச்சம் இருந்தால்தான் நேரில் கிடைக்கும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மிச்சம் இருப்பது அபூர்வம். 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இலவசம்.

எந்த நேரத்தை எடுப்பது என்பதும் முக்கியம். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஓவியங்கள் இருக்கும் அறையில் மின்விளக்கு கிடையாது, மேலிருந்து வரும் வானத்து வெளிச்சம் மட்டும்தான். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்குப் போனால் நீலமும் ஊதாவும் சாம்பலாகத்தான் தெரியும். காலை 10 முதல் நண்பகல் வரைக்குள் ஒரு நேரத்தைப் பிடியுங்கள்.

இரண்டாவது தேஷிமா கலை அருங்காட்சியகம், இதுவும் நேரம் குறித்த முன்பதிவு. மூன்றாவது நொகுச்சி. ஒரு நாளைக்குச் சில குழுக்களை மட்டும், ஒரு மணி நேரச் சுற்றாக அனுமதிக்கிறார்கள், முன்பதிவு கட்டாயம். நான்காவது, ஹோன்முராவில் கின்சா என்ற சின்ன வீடு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே உட்காரலாம் என்பதால் தனிப்பதிவு. குழுவாகப் போனால் இதை விட்டுவிடுங்கள், ஒருவர் உள்ளே இருக்க மற்றவர்கள் வெளியே காத்திருந்தே பொழுது போய்விடும்.

ஓஹாரா, பென்னசி ஹவுஸ், லீ ஊஃபான் ஆகியவற்றை நேரில் பார்த்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

5. டிக்கெட் நேரத்துக்குக் கப்பலைப் பொருத்துங்கள்

நவோஷிமாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்து போகலாம். வடக்கே ஒகயாமா மாகாணத்தின் உனோ துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் 20 நிமிடத்தில் மியானோவுரா துறைமுகம் சேரும். தெற்கே தகாமட்சுவிலிருந்து 50 நிமிடம். விரைவுப் படகுகளும் உண்டு, அவை சிறியவை, இடம் நிரம்பிவிட்டால் கிளம்பிவிடும். பெரிய கப்பலில் அந்தப் பயம் இல்லை, கட்டணமும் குறைவு. காற்று அடித்தால் முதலில் நிற்பதும் விரைவுப் படகுகள்தான். ஆகவே நேரம் இருந்தால் பெரிய கப்பலையே எடுங்கள்.

கடைசிக் கப்பல் விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நவோஷிமாவிலிருந்து தகாமட்சுவுக்குக் கடைசிப் பெரிய கப்பல் மாலை 5 மணியளவில் போய்விடும். உனோவுக்கு இரவு 8 மணிக்குப் பிறகும் உண்டு. தகாமட்சுவில் அறை போட்டுவிட்டு ஐந்தேகாலுக்கு மியானோவுராவில் நின்றால், உனோ போய் ரயில் பிடித்து, கடல் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். தீவில் தூங்க வேண்டிய நிலை இல்லை, ஆனால் அந்த மாலை போய்விடும்.

கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். போன ஆண்டு போனவர் கொடுத்த அட்டவணையை நம்பாதீர்கள். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் தேதிக்கானதைத் திரைப்பிடிப்பு எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் நடுவில் இணையத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

6. படுக்கை: ஒகயாமாவில் ஒரு இரவு, தகாமட்சுவில் இரண்டு

புதன் இரவு ஒகயாமா, வியாழனும் வெள்ளியும் தகாமட்சு. நவோஷிமாவில் தங்கினால் கூட்டம் போன பிறகு தீவைப் பார்க்கலாம்தான். ஆனால் அறைகள் குறைவு, விலை அதிகம், இரவுச் சாப்பாட்டுக்குக் கடை தேடுவது பெரும்பாடு. தகாமட்சுவில் துறைமுகமும் ரயில் நிலையமும் நடந்து போகும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் கப்பல், மாலையில் ரயில் என்று எப்படியும் வளையலாம்.

பெட்டியை என்ன செய்வது? ஒகயாமா ஹோட்டல் வரவேற்பில் கொடுத்து, தகாமட்சு ஹோட்டல் முகவரிக்குத் தக்யூபின் போடச் சொல்லுங்கள். பெட்டியை வீட்டுக்கு வீடு சேர்க்கும் கூரியர் சேவை அது. வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும், ஒரு இரவுக்கான துணியை மட்டும் முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது வேண்டாம் என்றால் மியானோவுரா துறைமுகத்தில் லாக்கர் இருக்கிறது. பெரிய பெட்டியோடு தீவுப் பேருந்தில் ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது சின்ன வண்டி, உள்ளூர்ப் பாட்டிகளும் அதில்தான் போகிறார்கள்.

7. புதன்: குராஷிகி

டோக்கியோவிலிருந்து ஒகயாமாவுக்கு நொசோமி புல்லட் ரயிலில் சுமார் மூன்றேகால் மணி நேரம், ஷின்-ஒசாகாவிலிருந்து முக்கால் மணி நேரம். நாடு முழுவதற்குமான ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபரில் கடுமையாக விலையேறியது. இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் அதை வாங்குவது வீண். ஏற்கெனவே வைத்திருந்தாலும் நொசோமியில் ஏறக் கூடுதல் கட்டணம் உண்டு, கப்பலுக்கு அது செல்லாது.

ஒகயாமாவிலிருந்து குராஷிகி கால் மணி நேர ரயில். நிலையத்திலிருந்து கால்வாய்க் கரைப் பழைய தெருவுக்கு நடந்தால் ஓஹாரா அருங்காட்சியகம், கிரேக்கக் கோவில் போல் தூண்களோடு நிற்கும். 1930இல் திறந்தது. ஆலை அதிபர் ஓஹாரா மகோசாபுரோவின் பணத்தில் கொஜிமா டோராஜிரோ என்ற ஓவியர் ஐரோப்பா போய்த் தன் கண்ணால் தேர்ந்து வாங்கிவந்தவை இதன் அடித்தளம். எல் கிரேக்கோவின் ‘மங்கள வாழ்த்து’ ஓவியமும், மோனேயிடமே போய் வாங்கிய ‘நீர் அல்லிகள்’ ஓவியமும் அவற்றில் உண்டு.

ஓஹாராவை முதல் நாளில் வைப்பதற்குக் காரணம் இந்த மோனேதான். இங்கே அல்லி ஓவியம் சட்டம் போட்டுச் சுவரில், வழக்கமான அருங்காட்சியக வெளிச்சத்தில் தொங்குகிறது. மறுநாள் சிச்சூவில் அதே ஓவியரின் அதே குளத்தைப் பார்க்கும்போது, அறை மாறினால் ஓவியம் எவ்வளவு மாறுகிறது என்பது யாரும் விளக்காமலே புரியும். வரிசையை மாற்றினால் ஓஹாராவின் மோனே பாவமாகத் தெரியும். நான் ஒரு முறை மாற்றிப் பார்த்து வருந்தினேன். முற்றத்துக் குளத்தில் இருக்கும் அல்லிச்செடிகளும் மோனேயின் தோட்டத்திலிருந்து பிரித்துக்கொண்டு வந்தவை, கோடையில் பூக்கும். பிற்பகல் ஒன்றரைக்கு வந்தால் இரண்டு மணி நேரம் போதும்.

8. வியாழன்: நவோஷிமா

ஒகயாமாவிலிருந்து உனோவுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பெரும்பாலும் சாயாமாச்சி நிலையத்தில் மாற வேண்டும். பெயரில் ‘சாயா’ இருப்பதால் நம்மவர்களுக்கு மறக்காது. தூங்கிவிட்டால் ரயில் கடல் பாலத்தைக் கடந்து தகாமட்சுவுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்தும் கப்பல் இருக்கிறது என்பதால் குடி மூழ்கிவிடாது, ஆனால் சிச்சூ நேரம் தவறிவிடும்.

காலை எட்டு மணிவாக்கில் உனோவில் கப்பல் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மியானோவுராவில் இறங்கியதும் கரையில் குசாமாவின் சிவப்புப் பூசணி. எல்லோரும் அங்கே படம் எடுக்க ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டியது பேருந்து நிறுத்தத்துக்கு. பூசணி மாலையிலும் அங்கேயேதான் இருக்கும், முதல் பேருந்து இருக்காது.

ஊர்ப் பேருந்து ஹோன்முரா வழியாக சுட்சுஜிசோ நிறுத்தம் வரை போகும். அங்கிருந்து சிச்சூவுக்கு இலவசச் சிறு பேருந்து. சைக்கிள் எடுப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: சுட்சுஜிசோவுக்கு அப்பால் பென்னசி ஹவுஸ் வளாகத்துக்குள் சைக்கிள் போக முடியாது. அதோடு சிச்சூ மேட்டில் இருக்கிறது. முதல் முறை என்றால் பேருந்துதான் நிம்மதி.

இந்த நாளின் வரிசை எளியது: மேட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே வருவது. சிச்சூ, லீ ஊஃபான், பென்னசி ஹவுஸ், மஞ்சள் பூசணி, ஹோன்முரா, துறைமுகம். மஞ்சள் பூசணி வரை இடையில் உள்ள தூரங்கள் பத்துப் பதினைந்து நிமிட நடை, பெரும்பாலும் இறக்கம்; அதன்பின் ஊர்ப் பேருந்து. தலைகீழாகப் போனவர்கள் வெயிலில் மேடு ஏறிவந்து, மோனே முன்னால் நின்றுகொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள்.

சிச்சூ என்றாலே நிலத்துக்குள் என்று பொருள். தடாவோ ஆண்டோ வடிவமைத்து 2004இல் திறந்த இந்தக் கட்டடத்துக்கு முகப்பே இல்லை, மலைக்குள் புதைந்து கிடக்கிறது. டிக்கெட் மையம் அருங்காட்சியகத்திலிருந்து சில நிமிட நடை தள்ளி இருக்கிறது. டிக்கெட்டில் குறித்த நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே அந்த மையத்துக்கு வந்துவிடுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

இருப்பது மூன்றே கலைஞர்களின் படைப்புகள். மோனேயின் ஐந்து அல்லி ஓவியங்கள், வால்டர் டி மரியாவின் பெரிய கருங்கல் உருண்டை இருக்கும் படிக்கட்டு மண்டபம், ஜேம்ஸ் டரெல்லின் மூன்று ஒளிப் படைப்புகள். ‘இவ்வளவுதானா?’ என்று முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தவர்கள் உண்டு. குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். டரெல்லின் ‘ஓப்பன் ஃபீல்ட்’ அறைக்கு ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள், வரிசை இருக்கும். ஆகவே உள்ளே போனதும் அங்கே கூட்டம் எப்படி என்று பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் அதையே முதலில் முடியுங்கள். டி மரியாவின் மண்டபத்துக்கு வெளிச்சம் கூரைத் திறப்பிலிருந்து வருகிறது, மேகம் நகரும்போது அறையே நிறம் மாறும். அங்கே பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

லீ ஊஃபான் அருங்காட்சியகம் 2010இல் வந்தது, இதுவும் ஆண்டோவின் கட்டடம். அரை மணி போதும். அதன்பின் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பென்னசி ஹவுஸ், நவோஷிமா புதிய அருங்காட்சியகம், ஹோன்முரா கலை வீடுகள் மூன்றையும் ஒரே பிற்பகலில் பார்க்க முடியாது. கலை வீடுகள் மாலை நான்கரைக்கு மூடிவிடும். என் கணக்கில் கலை வீடுகளை விடக் கூடாது. மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆசியக் கலைஞர்களின் சமகாலப் படைப்புகள் பிடிக்கும் என்றால் புதியதற்குப் போங்கள், அது ஹோன்முராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதும் வசதி.

ஹோன்முராவில் ஒரு சின்ன உத்தி. இறங்கியதும் பல வீடுகளுக்கான பொது டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கலை வீடுகளில் ஒன்றான மினாமிதேராவுக்கு நேராகப் போங்கள். அங்கே குழுக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், உங்களுக்கு ஒரு நேரம் சொல்லுவார்கள். அந்த நேரத்தை வாங்கிக்கொண்டு மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கடைசியில் போனால் நேரம் தீர்ந்திருக்கும். உள்ளே கும்மிருட்டு. ஒன்றும் தெரியவில்லை என்று ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து வந்த என் உறவினர் ஒருவர், உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்திருங்கள், கண் பழகட்டும்.

கோஓ கோவிலில் ஹிரோஷி சுகிமோட்டோ செய்த கண்ணாடிப் படிக்கட்டு நிலத்தடி அறை வரை இறங்குகிறது. அந்த அறைக்குள் மிகக் குறுகிய பாதை, கை விளக்கு கொடுப்பார்கள். திரும்பி வரும்போது நிமிர்ந்து பாருங்கள். பாதையின் வாயில் கடலை ஒரு கோடாக வெட்டிக் காட்டும். பலர் தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறார்கள்.

நாலேகாலுக்குப் பேருந்து, ஐந்து மணிக் கப்பல், தகாமட்சு.

9. வெள்ளி: தேஷிமா

தகாமட்சுவிலிருந்து தேஷிமாவின் இயெவுரா துறைமுகத்துக்கு விரைவுப் படகில் 35 நிமிடம். இங்கே ஓடுவது சின்னப் படகுதான், முன்பதிவு கிடையாது. நல்ல பருவத்தில் அரை மணி நேரத்துக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள்.

இயெவுராவில் இறங்கியதும் முதல் வேலை மின்சார உதவியுள்ள சைக்கிள். சாதாரண சைக்கிள் எடுக்காதீர்கள், தீவின் நடுவில் மலை. முடிந்தால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், படகு வந்த பத்து நிமிடத்தில் வண்டிகள் காலியாகிவிடும். ஜப்பானிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பயம் இல்லை. சைக்கிள் வராதவர்களுக்குத் தீவின் பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில தடவைதான். படகு நேரம், பேருந்து நேரம், டிக்கெட் நேரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பொருத்திப் பாருங்கள். படகு சேரும் நேரத்துக்கும் அருங்காட்சியக நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரமாவது இருக்கட்டும்.

மேட்டைத் தாண்டியதும் சாலை சட்டென்று கடலைப் பார்த்து இறங்கும், இரு பக்கமும் படிப்படியாக நெல்வயல். அந்த இறக்கத்தில்தான் அருங்காட்சியகம். வேகமாக இறங்கினால் வாசலைத் தாண்டிப் போய்விடுவீர்கள், திரும்ப ஏற வேண்டும்.

தேஷிமா கலை அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு படைப்புதான். கட்டட வடிவமைப்பு ரியூவே நிஷிசாவா, படைப்பு ரேய் நைட்டோ. 2010இல் திறந்தது. ஏறத்தாழ 40க்கு 60 மீட்டர் பரப்புள்ள, தூணே இல்லாத ஒரு கான்கிரீட் ஓடு. உயரம் அதிகம் போனால் நான்கரை மீட்டர். கூரையில் இரண்டு பெரிய திறப்புகள், அவற்றின் வழியே காற்றும் மழையும் பறவைச் சத்தமும் உள்ளே வரும். தரையில் நுண்ணிய துளைகளிலிருந்து தண்ணீர்த் துளிகள் கசிந்து, உருண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும்.

இங்கே செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, காலடியைப் பார்க்காமல் நடப்பது. தண்ணீரையும் தரையில் இருக்கும் மிகச் சிறிய வெள்ளைப் பொருட்களையும் மிதிக்காமல் போக வேண்டும். இரண்டாவது, பேசுவது. அந்த வளைவில் முணுமுணுப்புகூட எதிர்முனை வரை கேட்கும். என் நண்பர் மனைவியிடம் மதியச் சாப்பாடு பற்றிக் கேட்டது அங்கே இருந்த இருபது பேருக்கும் கேட்டது. படம் எடுக்க அனுமதி இல்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து ஒரு துளியை மட்டும் அது போகும் இடம் வரை பின்தொடருங்கள். மழை நாள் என்றால் பயணத்தை ரத்து செய்யாதீர்கள், இந்த இடத்துக்கு மழை நல்லது. குளிர்காலத்தில் மட்டும் தடித்த காலுறை.

அங்கிருந்து கீழே கராதோ பக்கம் இறங்கினால் கடற்கரையோரம் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கியின் இதயத்துடிப்புக் காப்பகம். உலகம் முழுவதிலிருந்தும் பதிவு செய்த துடிப்புகள் இருட்டறையில் ஒலிக்க, ஒரு விளக்கு அதற்கேற்ப மின்னும். கட்டணம் கட்டி உங்கள் துடிப்பையும் பதியலாம். பதிய விரும்பினால் வந்தவுடன் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீவுகளில் மதியச் சாப்பாடு இரண்டு மணியோடு முடிந்துவிடும். சைவம் மட்டும் சாப்பிடுவோர் கவனிக்க: இந்தப் பகுதியின் பெருமை உடோன் நூடுல்ஸ், ஆனால் அதன் சாறு கருவாட்டில் வைப்பது. மேலே காய்கறி மட்டும் இருந்தாலும் சாறு மீன்தான். காலையில் தகாமட்சுவில் ரொட்டி, பழம், பருப்பு வகை எதையாவது பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அருங்காட்சியகத்துக்குள் பிரிக்காதீர்கள், வெளியே வயல் ஓரத்தில் சாப்பிட இடம் தாராளம்.

திரும்பும் படகின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே துறைமுகத்தில் சரிபாருங்கள். தவறவிட்டால் அடுத்தது வெகு நேரம் கழித்துத்தான்.

10. சனி: மூரே, முடிந்தால் மருகமே

தகாமட்சுவின் கவாராமாச்சியிலிருந்து கொடொதென் ரயிலின் ஷிடோ பாதையில் யாகுரி நிலையம். அங்கிருந்து டாக்சியில் ஐந்து நிமிடம், நடந்தால் இருபது. நொகுச்சி 1988இல் இறக்கும் வரை வேலை செய்த கல்பட்டறை, அவர் விட்ட நிலையிலேயே இருக்கிறது. முடிந்த சிற்பமும் முடியாததும் முற்றத்தில் கலந்து நிற்கும். பெயர்ப்பலகைகள் இல்லை. சுற்று பெரும்பாலும் ஜப்பானிய மொழியில், ஆகவே முன்னிரவே அவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் நல்லது. தாமதமாக வந்தால் அந்தச் சுற்று போனது போனதுதான்.

பிற்பகலில் ரயிலில் மருகமே நகருக்குப் போகலாம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரில் இனோகுமா கெனிச்சிரோ அருங்காட்சியகம், யோஷியோ தானிகுச்சியின் கட்டடம். மூன்று நாள் கப்பலும் மேடும் பார்த்த காலுக்கு இது பெரிய ஆறுதல்.

11. ஒரு நாள் கூடக் கிடைத்தால்: நருடோ

ஞாயிறும் கையில் இருந்தால் டோகுஷிமா வழியாக நருடோவின் ஓட்சுகா அருங்காட்சியகம். 1998இல் திறந்தது. உலக ஓவியங்கள் 1,000க்கு மேல், அசல் அளவிலேயே பீங்கான் பலகைகளில் சுட்டு எடுக்கப்பட்டவை. ‘நகல்தானே’ என்று முகம் சுளிக்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை முழு அளவில் தலைக்கு மேல் நிற்கும்போது அவர்களும் கொஞ்ச நேரம் பேசுவதில்லை. படம் எடுக்கலாம், தொட்டும் பார்க்கலாம். நடக்கும் தூரம் சுமார் 4 கிலோமீட்டர், ஆகவே முழு நாள் வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள், கால வரிசை அப்படித்தான் போகிறது.

இங்கேயும் மோனேயின் அல்லிகள் உண்டு. வெட்டவெளியில், உண்மையான அல்லிக்குளத்துக்கு நடுவே, மழையில் நனைந்துகொண்டு.

12. கப்பல் நின்றால்

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாள் இரவே முடிவு செய்யுங்கள். விரைவுப் படகு மட்டும் நின்றிருந்தால் தேஷிமாவை விட்டுவிட்டு, பெரிய கப்பல் ஓடும் நவோஷிமாவுக்கு மாறுங்கள். எல்லாமே நின்றால் தகாமட்சு–ஒகயாமா ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள், அதுவும் பலத்த காற்றுக்குப் பாலத்தில் நிறுத்தப்படும். அது ஓடினால் விட்டுப்போன குராஷிகி, ஓடாவிட்டால் கடலைக் கடக்கத் தேவையில்லாத மருகமே.

தீவிலேயே இருக்கும்போது ‘பிற்பகல் கப்பல் இல்லை’ என்ற அறிவிப்பு வந்தால் மீதி டிக்கெட்டைப் பற்றி யோசிக்காமல் அடுத்த கப்பலில் ஏறுங்கள். டிக்கெட் பணத்தை அப்புறம் மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளலாம்.